இப்படி அறிவேன்

"சாமி பேரைச் சொல்லி வருஷம் சொல்ல என்னால ஆவாது, வக்கீலய்யா."

இடது கைப் பெருவிரலில் மை பூசியாகிவிட்டது. காகிதத்துக்கும் விரலுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும்போது அந்த ஆயா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கூட வந்த பேரன் தலையில் அடித்துக்கொண்டான்.

வந்த வேலை சாதாரணமானது. ரேஷன் அட்டையில் அவள் பெயரில் ஒரு 'சா'. ஆதாரில் அதே இடத்தில் 'ஜா'. பட்டாவில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' என்று ஒரு வால். மூவரும் ஒருத்திதான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். டைப்பிங் கடைக்காரர் வழக்கம்போலப் பிறந்த தேதியையும் சேர்த்து அடித்துவிட்டார்: ஜனவரி 1. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் பலரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டதும் வாத்தியார் எழுதிய தேதி அது. போகாதவர்களுக்கு ஆதார் அட்டை ஜனவரி ஒன்றைக் கொடுத்தது. ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம், பெரும்புயல் அடித்து ஓலை வீடெல்லாம் பறந்த வருஷம் தான் கைக்குழந்தை என்று அவள் அம்மா சொன்னது மட்டும்தான். பத்திரத்தின் கடைசி வரியோ 'மேலே கண்டவை யாவும் உண்மை எனக் கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்' என்றது. நான் அதை உரக்கப் படித்துக் காட்டியதுதான் தப்பாகிவிட்டது.

பிறந்த தேதியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து, 'என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை' என்று ஒரு தொடரைச் சேர்த்து மறுபடி படித்தேன். "அது சரி" என்று விரலை அழுத்தினாள்.

நான் நெய்வேலியில் நோட்டரி. டவுன்ஷிப்புக்கு வெளியே, கும்பகோணம் ரோட்டுப் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். பதினேழு படி. மேசையில் பதிவேடு, மையட்டை, சிவப்பு வில்லைகள், 5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட முத்திரை. அந்த அளவு விதியிலேயே இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் எவ்வளவு அதிகாரம் அடங்கும் என்பதில்தான் ஊருக்கும் எனக்கும் ஓயாத வழக்கு.

"நோட்டரி போட்டாச்சு, இனிமே அசைக்க முடியாது" என்று நம்பி வருகிறவர்கள் அதிகம். வடக்குத்துப் பக்கம் மனை வாங்கியவர் நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்டு வந்து "ஒரு சீல் போடுங்க, ரிஜிஸ்டர் செலவு மிச்சம்" என்பார். என் சீலால் மனை கைமாறாது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் முகம் சுருங்கும். ஓடிவந்த பிள்ளைகள் மாலையோடு வருவார்கள். பிரிய நினைப்பவர்கள் மாமனாரோடு வருவார்கள். கல்யாணத்தை முடிக்கவும் முறிக்கவும் நோட்டரிக்கு அதிகாரமில்லை. 2024-இல் மத்தியச் சட்ட அமைச்சகம் இதை ஒரு சுற்றறிக்கையாகவே எழுதி எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

1952-ஆம் வருஷத்து நோட்டரிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு எங்கள் வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதற்குச் சான்றளிக்கலாம். சத்தியப் பிரமாணம் வாங்கலாம். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து உறுதி சொல்லலாம். பணம் வராத உண்டியலையும் புரோநோட்டையும் குறித்து வைக்கலாம். நெய்வேலியில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பிரமாணப் பத்திரம்தான். அதில் என் முத்திரை சொல்வது இவ்வளவே: இந்த ஆள் இந்த நாளில் என் முன்னால் வந்தார், இன்னார் என்று நான் தெரிந்துகொண்டேன், இதில் உள்ளதை அறிந்து என் கண்ணெதிரே ஒப்பமிட்டார். உள்ளே எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று முத்திரை சொல்வதில்லை. பொய் சொன்னால் பாவமும் சிறையும் அவருக்கு. வராதவரை வந்ததாகச் சொன்னால் அந்தப் பொய் என்னுடையது.

இந்த வரம்பு நம் ஊருக்குப் புதிதல்ல. கோயில் சுவரில் இருக்கும் பழைய கல்வெட்டுகளைப் படித்தால், நிலம் விற்றதும் தானம் கொடுத்ததும் சொல்லி முடித்தபின் சாட்சிகள் வரிசையாக வருவார்கள். 'இவை இன்னான் எழுத்து' என்பார் ஒருவர். 'இப்படி அறிவேன்' என்பார் இன்னொருவர். இப்படியே நடந்தது, இதுதான் உண்மை என்று யாரும் மார்தட்டுவதில்லை. அறிவேன், அவ்வளவுதான். ஆயா கேட்டதும் அந்தச் சொல்லைத்தான்.

என் முத்திரையின் பூர்வீகமோ வேறு. லத்தீனில் குறிப்பெழுதுகிறவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது நோட்டரி. இங்கிலாந்தில் இன்றைக்கும் நோட்டரிகளை நியமிப்பது கேன்டர்பரி பேராயரின் அலுவலகம். சுதந்திரம் வந்த பிறகும்கூட, இந்தியாவில் முழு அதிகாரமுள்ள நோட்டரிக்கு அனுமதி அங்கிருந்துதான் வரவேண்டியிருந்தது. அந்தத் தொப்புள்கொடியை வெட்டத்தான் 1952 சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1956-இல். அதே வருஷம் நவம்பரில்தான் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமும் பதிவாயிற்று. பாதிரியார் வீட்டுப் பிள்ளையைச் சர்க்கார் தத்தெடுத்தது என்று வேடிக்கையாகச் சொல்வேன். தத்துப் போனாலும் பிறந்த வீட்டு வாசனை விடவில்லை. கடவுள் பெயரில் சத்தியம் வாங்கும் வேலை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

சத்தியத்தைச் சட்டம் நடத்திய விதமும் யோசிக்கத்தக்கது. ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் இந்துக்களிடம் கங்கை நீரை வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். 1840-இல் அது போயிற்று. 1873 சட்டத்தில் இன்னொரு வழி இருந்தது. எதிராளி இன்ன கோயிலில் இன்னபடி சத்தியம் செய்துவிட்டால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சிக்காரர் ஒத்துக்கொள்ளலாம்; செய்துவிட்டால் அதுவே முடிந்த சாட்சியம். சூடம் அணைப்பதற்கு நீதிமன்றத்திலேயே இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1969 சட்டம் அதை விட்டுவிட்டது. தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்து சாமியை எழுப்பிவிட்டு, சாட்சியாக மட்டும் நிறுத்திக்கொண்டது. அதையும் வேண்டாதவர் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லலாம்.

அப்படிச் சொல்கிறவர் ஒருவர் எனக்கு வாடிக்கை. அனல்மின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், கறுப்புச் சட்டைக்காரர். வந்ததும் "கடவுளை அடிச்சிடுங்க தோழர்" என்பார். அடித்தபின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுப் பத்திரத்தையும் இரண்டு முறை படிப்பார். ஒரு தடவை, குறிப்பிட்ட வட்டத்தில் இருபது வருஷம் குடியிருந்ததாக எழுதியிருந்ததை அடித்துப் பத்தொன்பது என்று திருத்தச் சொன்னார். கடவுள் வேண்டாம் என்கிற இவரும், கடவுள் பெயரில் வருஷம் சொல்ல மாட்டேன் என்கிற ஆயாவும் எனக்கு ஒரே ஜாதி. அந்தக் கடைசி வரியைப் படித்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்று சில நாள் தோன்றும். மற்றவர்கள் அதன் மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நானும் ஒருநாள் அப்படிப் போட்டேன்.

ஒரு ஐப்பசி மாதம். அடைமழை. எனக்கு முகம் தெரிந்த பையன் ஒருவன், அப்பா இறந்து சில மாதம் ஆகியிருந்தது, தாயாரின் பிரமாணப் பத்திரத்தோடு வந்தான். கணவர் விட்டுப்போன வைப்புத் தொகையை மூத்த மகனே வாங்கிக்கொள்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தாயார் சொல்வதாக வாசகம். "அம்மா கீழ கார்ல இருக்காங்க சார். முட்டிவலி. படியேற முடியல" என்றான். மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். மழையில் ஒரு காரின் கூரை தெரிந்தது. குடையைத் தேடச் சோம்பல். மையட்டை கீழே போனது, கைநாட்டு மேலே வந்தது. பதிவேட்டிலும் ஒரு கைநாட்டு. 'என் முன்னிலையில்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே ஒப்பமிட்டு முத்திரையைக் குத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சம்மன் வந்தது. மகள் வழக்குப் போட்டிருந்தாள். அந்தத் தேதியில் அம்மா பண்ருட்டியில் தன் வீட்டில் இருந்ததாக அவள் வாதம். தாயார் அதற்குள் காலமாகிவிட்டார். கூண்டில் ஏறினேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு நான் படித்துக் காட்டிய வரியை எனக்கு ஒருவர் படித்துக் காட்டினார். கடவுள் சாட்சியாக என்று திருப்பிச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண், என்னிடம் ஒன்றிரண்டு தடவை சட்டம் கேட்டுப் போனவள். பதிவேட்டை என் கையில் கொடுத்து ஒரே கேள்விதான் கேட்டாள்: "இந்த ரேகை உங்கள் முன்னிலையில் வைக்கப்பட்டதா?"

அது யார் விரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இல்லை" என்றேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பத்திரம் அன்றோடு செத்தது. என் பெயரை நோட்டரிப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி அந்த மகள் புகார் கொடுத்திருக்கலாம். தொழில் ஒழுங்கீனத்துக்குச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. குற்ற வழக்கென்றால் அவள் நேராகப் போக முடியாது. தொழிலின் பேரில் செய்த குற்றத்துக்கு, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுதித் தந்த புகார் இல்லாமல் எந்த நீதிமன்றமும் நோட்டரியைத் தொட முடியாது என்கிறது 13ஆம் பிரிவு. அவள் எதுவும் செய்யவில்லை. வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது, "ஒரு தடவை இறங்கி வந்து பாத்திருக்கலாமே சார்" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை வக்கீல் கண்ணோடு படித்தேன். திருவெண்ணெய்நல்லூர் எங்களுக்குத் தூரமில்லை, பண்ருட்டி வழியாகப் போய்விடலாம். கதை எல்லாருக்கும் தெரியும். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கும் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து, இவன் எனக்கு அடிமை என்கிறார். உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படி, மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டுபோகிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமை ஆவது உலகத்தில் இல்லாத வழக்கம் என்று சபையார் முதலில் திகைக்கிறார்கள். ஆனாலும் துரத்திவிடவில்லை. சேக்கிழார் சொல்லும் சான்று மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. கிழவர் ஆவணத்தைக் காட்டுகிறார். சபையார் ஓலையை வாங்கிப் படித்ததோடு நிற்கவில்லை. பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்புநோக்கிப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. நம்பி, நீ தோற்றாய் என்கிறார்கள்.

கறுப்புச் சட்டைத் தோழரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பாட்டன் எப்ப எழுதினான் தோழர்? அப்ப உங்க சாமியே போலிப் பத்திரம் போட்டாரா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பக்தர்கள் கயிலாயத்தில் நடந்த முன்கதையைச் சொல்லிச் சமாதானம் ஆவார்கள். அடிமை என்பது உண்மை, ஓலை வெறும் சாக்கு என்பார்கள். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. உண்மைதான் என்றால், எல்லாம் வல்லவனுக்கு ஓலை எதற்கு? நேரே ஆட்கொண்டு போயிருக்கலாமே?

எனக்குத் தோன்றுவது இது. ஒருவன் மேல் உனக்கு உரிமை இருப்பது உண்மையாகவே இருக்கட்டும். அதை நாலு பேர் முன்னால், அவனும் மறுத்துப் பேச இடம் கொடுத்து, மெய்ப்பித்த பிறகுதான் அவன் கையைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பலவந்தம். உடையவனுக்கே இந்த வரம்பு உண்டு என்று சேக்கிழார் காட்டுகிறார். அதனால்தான் தெய்வம் வாதியாக நடந்து வருகிறது, ஏச்சு வாங்குகிறது, ஓலை கிழிபடுகிறது, சபையின் முன் நிற்கிறது. திருப்புறம்பியத்தில் சாமிக்குப் பெயரே சாட்சிநாதர். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்று சக்களத்தி ஏளனம் செய்தபோது, வன்னிமரமும் கிணறும் லிங்கமுமாக மதுரைக்கே போய் நின்றது என்கிறது திருவிளையாடல். வாதியானாலும் சாட்சியானாலும் அந்தச் சாமி நேரில் வந்தது. காருக்குள் உட்கார்ந்துகொண்டு கைநாட்டை மேலே அனுப்பவில்லை.

சபையாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்து ஒத்திருக்கிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது, அதை மட்டும்தான் சொன்னார்கள். அதற்கு மேல் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை போலிருக்கிறது. தீர்ப்புச் சொன்ன கையோடு கிழவரிடம் கேட்டார்கள்: இந்த ஊர்தான் என்கிறீரே, உம்முடைய வீடு எது, காட்டும். முகவரிச் சான்று! கிழவர் முன்னே நடந்து திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். அப்போதுதான் வந்தது யார் என்று தெரிந்தது. அந்தக் கேள்வியைச் சபை கேட்காமல் விட்டிருந்தால் கடவுள் கடைசிவரை வழக்காடும் கிழவராகவே இருந்திருப்பார். நடைமுறை என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த ஒரு படியில்தான் அருள் வெளிப்பட்டது.

வீட்டைக் காட்டு என்ற கேள்வி நெய்வேலியில் கொஞ்சம் வலிக்கும். டவுன்ஷிப்பில் நாற்பது வருஷம் குடியிருந்தாலும் குவார்ட்டர்ஸ்தான். ஓய்வுபெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பெரியவர்களோ இன்னும் பழைய பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். நான்கெல்லை அழகாக எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் புஞ்சை, வடக்கே வாய்க்கால். அந்தப் புஞ்சையும் வாய்க்காலும் இருந்த இடத்தில் இப்போது பல பனையாழத்துக்குப் பள்ளம். ஆவணம் இருக்கிறது, ஆட்சி இல்லை, அயலார் ஆளுக்கொரு திசையில். அந்த மனிதர் நேரில் வந்து தன் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவன் எதிரே இருப்பதுதான் மிச்சமிருக்கும் சாட்சி. அந்த இடத்தில் நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்கே முருகனிடம் பிராது கட்டுவார்கள். பேர், ஊர், என்ன குறை, யார் மேல் குறை என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதி முன் இருக்கும் வேலில் கட்டிவிட வேண்டும். ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, தூரத்துக்குத் தகுந்த படிப்பணம்கூட உண்டு. நீதிமன்றத்து அமீனாவுக்குப் படி கட்டுவது போலத்தான். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வழக்கு மொழி முழுக்க நம் கச்சேரி மொழி.

அந்த வழக்கு முடிந்த மாதம் மனைவியோடு போனேன். அவள் மகள் கல்யாணத்துக்காக எழுதினாள். பழக்க தோஷத்தில் அவள் தாளை வாங்கி அடியில் பார்த்தேன். சான்றொப்பம் இல்லை, முத்திரை இல்லை, சாட்சிக் கையெழுத்துக்கு இடமே விடவில்லை. எல்லாம் தெரிந்தவனிடம் பேரும் ஊரும் எழுதிக்கொடுப்பானேன் என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும். நாம சொல்ல வேணாமா?" என்றாள்.

நானும் ஒரு தாள் வாங்கினேன். யார் மேல் பிராது என்ற இடத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம், பதிவேட்டின் வரிசை எண். சட்டம் விட்டுவிட்ட ஆளை அங்கே எழுதிக் கட்டினேன். மகளுக்குக் கல்யாணமாகி, மனைவி போய் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தாள். என் தாள் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

அந்த ஆயாவும் படியேறவில்லை. மூட்டுவலி. "ஆட்டோவுல ஒக்காந்திருக்கு சார், மையட்டையக் குடுங்க, வெச்சு எடுத்தாந்துடறேன்" என்றுதான் பேரனும் கேட்டான். நல்ல பையன்தான், பொய் சொல்லவில்லை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினேழு படி இறங்கினேன். ஆட்டோவின் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, லாரிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, கடைசி வரிவரை படித்தேன். அவள் ஆவாது என்றாள்.

மையட்டை மட்டும் போயிருந்தால், அந்த ஜனவரி ஒன்றாம் தேதியின் அடியில் அவள் ரேகை ஒரு நிமிஷத்தில் மேலே வந்திருக்கும்.